பாதியில் நின்ற ஜெபம்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது, பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நான்கு நாள் காத்துக்கிடந்தேன். அங்கே தரை துடைக்கிற அக்கா ஒருவரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நீலப் புடவை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். தினமும் வேலை தொடங்குமுன் படிக்கட்டில் உட்கார்ந்து பைபிளில் ஒரு பக்கம் படிப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார், உதடு மட்டும் அசையும்.

மூன்றாம் நாள் ஜெபத்தின் பாதியிலே எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"நேத்து நீ ஈரத் தரையில நடந்துட்டன்னு உன்னை எருமைன்னு திட்டிட்டேன். மன்னிச்சுடுபா."

"நான் அதை அப்பவே மறந்துட்டேன்க்கா."

"நீ மறந்துட்ட. நான் நேத்து நடந்ததை எல்லாம் ஆண்டவர்கிட்ட சொல்லிக்கினு வந்தேன், உன்கிட்ட வந்ததும் நின்னுடுச்சு. அதுக்கு மேல ஜெபம் போக மாட்டேங்குது. சூப்பர்வைசர் வந்தா கத்துவாரு, சீக்கிரம் சொல்லு."

"மன்னிச்சுட்டேன்க்கா. ஆனா நடந்தது என் தப்புதானே?"

"அதை நீ உங்க சாமிகிட்ட சொல்லிக்கோ" என்று சிரித்துவிட்டு, திரும்பப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு திட்டு எப்படி ஒரு ஜெபத்தை நிறுத்தும்? எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் இன்று காலை தறியில் உட்காருமுன், நானும் நேற்றைய நாளை நினைத்துப் பார்த்தேன். நூலைச் சிக்கலாக்கிவிட்டீர்கள் என்று திட்டி உங்கள் இரண்டு பேரையும் நான் அழவைத்தது ஞாபகம் வந்தது. இன்னும் ஓர் இழைகூட நெய்யவில்லை. மன்னித்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.