அறுபது டின் அரிசி

விகிதக் கணக்கு கற்றுக்கொண்ட வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் பெருக்கினேன். வீட்டுச் சமையலை அளந்து அட்டவணை போட்டு வரச் சொல்லியிருந்தார் வாத்தியார். பால் டின்னால் அளந்தேன். ஒரு டின் அரிசிக்கு இரண்டு டின் தண்ணீர். அப்படியானால் தோட்டத்து மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்குப் போடும் அறுபது டின்னுக்கு நூற்றிருபது. ஐந்தாம் வகுப்புக்காரிக்கு வேறென்ன தெரிய வேண்டும்?

கோயில் சோறு ஆக்குவது சின்னம்மா. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் அவளை மற்ற நாளில் யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. திருவிழா அன்று மட்டும் கோயில் தலைவரான பெரியப்பாகூட அவளைக் கேட்டுத்தான் பந்தியைக் கூப்பிடுவார்.

அவள் டின்னைத் தொடமாட்டாள். அண்டாவில் அரிசியை நிரவி, அதன்மேல் உள்ளங்கையைப் படிய வைப்பாள். புறங்கை மூழ்கியதும் தண்ணீரை நிறுத்திவிடுவாள். அன்று நான் எண்ணிக்கொண்டே நின்றேன். வாளிக்கு இருபது டின். நாலரை வாளியோடு நிறுத்திவிட்டாள். கணக்குப்படி இன்னும் ஒன்றரை வாளி வேண்டும்.

"தண்ணி பத்தாது சின்னம்மா."

"பெரிய அண்டாலா இது. சின்னச் சட்டி மாதிரி குடிக்காது."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோட்டமே அரைவேக்காட்டுச் சோறு தின்னப் போகிறதே என்று பதறினேன். அவள் சாம்பாரைப் பார்க்கப் போன நேரத்தில், குழாயடியிலிருந்து அரை வாளியாக மூன்று நடை சுமந்து ஊற்றினேன். ஆவியாகிப் போகும் தண்ணீரின் அளவு அரிசியைப் போல அறுபது மடங்கு பெருகாது என்பது என் அட்டவணையில் இல்லை.

மூடியைத் திறந்தால் கஞ்சி. சின்னம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாவாடையெல்லாம் ஈரம். பெரியப்பா வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போய் மாத்திட்டு வா."

நான் திரும்பியபோது வாழையிலைகளிலிருந்து சோறு சாம்பாரோடு ஓடிக்கொண்டிருந்தது. என் கைதான் தப்பிப் போச்சு என்று சின்னம்மா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதாக அம்மா முணுமுணுத்தாள். அப்பாடா, அவளுக்கே தெரியவில்லை என்று எனக்கு ஒரே நிம்மதி. வெட்கமில்லாமல் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அட்டவணைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அடுத்த திருவிழாவுக்கு ஆயர் தாவார் பட்டணத்திலிருந்து சமையல்காரர் வந்தார். அவரும் அண்டாவுக்குள் கையைத்தான் வைத்துப் பார்த்தார். சின்னம்மா காய் நறுக்கும் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். கணக்கில் நான்தான் முதல் என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். நல்லா படி என்றாள், தலை நிமிராமல்.

அடுப்புப் பக்கம் அவள் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். புகை கண்ணைக் கரிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.