சிவப்பு டிக் போட்ட கேள்வி

கோடு போட்ட நீள நோட்டு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் இணைய வானொலி ஒன்றில் நான் நடத்திய நிகழ்ச்சிக்கு வரும் கேள்விகளை அதில் கையால் எழுதி வைப்பேன். கேள்வி நீல மையில். அதற்குக் கீழே, பேசும்போது தடுமாறாமல் இருக்க, என் பதிலின் சுருக்கம். பேசி முடித்ததும் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். டிக் விழுந்துவிட்டால் அந்தக் கேள்வியின் கதை முடிந்தது. பரீட்சைப் பேப்பர் திருத்தும் டீச்சரின் தோரணையோடுதான் அவற்றைப் போட்டேன். அவற்றில் ஒன்று மட்டும் என்னைத் தூங்க விடுவதில்லை என்று எழுதினால் பொய். தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், ஆபீசுக்குப் போகிறேன். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் யாரென்று டிக் போட்ட அன்று எனக்குத் தெரியாது.

வானொலி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அஸ்தம்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மேலே ஓர் அறை. கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தி நொடித்துப்போன நண்பர் ஒருவர், மிஷின்கள் சும்மா கிடக்கின்றனவே என்று ஆரம்பித்தது. எதிரொலியை அடக்கச் சுவர் முழுக்க நாமக்கல் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தோம். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி நேரம் பேச்சு. முதல் மணி வேலை ஆலோசனை, இரண்டாவது எழுத்துப் பயிற்சி, மூன்றாவது பொழுதுபோக்கு. மூன்றாவதை ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் மாடித் தோட்டமும் ரோஜாப் பதியனுமாக நடத்துவார். முதல் இரண்டும் என்னுடையவை. நான் ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன்; ஒன்றிரண்டு பத்திரிகைகளில் கதை வந்திருந்தது. ஊருக்கு உபதேசம் செய்ய இது போதாதா? ‘வேலையிடத்தில் எதையும் மறைக்காதீர்கள்’ என்று முதல் மணியில் சொல்வேன். ‘வாயால் சொல்ல வராததை எழுதிவிடுங்கள்’ என்று இரண்டாவது மணியில் சொல்வேன். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று திரையின் மூலையில் ஓர் எண் தெரியும். அது நாற்பதைத் தாண்டினால் நண்பர் இறங்கிப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வருவார்.

அந்த நாற்பது பேரில் ஒருவர் என் அக்காவின் கணவர். எனக்கு மாமா. ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தார். ஆந்திரா, ஒடிசா என்று வண்டி போகிற இடமெல்லாம் போவார். மழைக்காலத்தில் வண்டி சர்வீசுக்குத் திரும்பும்போதுதான் வீட்டுக்கு வருவார். ரிக்கில் நாலைந்து பேர் வேலை செய்தாலும் டிரில்லர்தான் ராஜா. அவர் கை லீவரில் இருக்கும், காது பூமிக்குள் இருக்கும். நானூறு அடிக்குக் கீழே ஹேமர் இடிக்கிற சத்தத்தை வைத்தே பாறை கெட்டியா, உடைசலா, தண்ணீர் நெருங்குகிறதா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை எங்கள் வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வருவதற்கு முன்பே, “பேரிங் தேஞ்சுபோச்சு புள்ள, இன்னும் ஒரு வாரந்தான் ஓடும்” என்றார். ஐந்தாவது நாள் நின்றது. ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டீக்கடையில்கூட “டிரில்லருக்கு ஒண்ணு ஸ்ட்ராங்கா” என்றுதான் சத்தம் வரும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வானொலி தொடங்கிய வருடம் மழைக்காலத்தில் எல்லோரையும் ஜேடர்பாளையத்துக்குக் கூட்டிப்போனார். தடுப்பணையில் குளித்துவிட்டு, பொரித்த மீனை இலையில் வைத்துத் தின்றுகொண்டிருந்தபோது, நான் ரேடியோவில் பேசுகிற கதையை அக்கா எடுத்துவிட்டாள். மாமா கையைத் துடைத்துவிட்டு உடனே தன் போனை நீட்டினார். “அதை இதுல ஏத்திக்குடு சாமி. காட்டுக்குள்ள கெடக்கறப்ப நம்மூட்டுப் புள்ள பேசறதக் கேட்டா, ஊட்ல இருக்கறாப்புல இருக்குமல்ல” என்றார். ஏற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மத்தியானம் அவரிடமிருந்து ஒரு செய்தி வரும். ‘நல்லா பேசின.’ இரண்டே சொல். எந்த வாரமும் தவறியதில்லை.

அடுத்த வருடம் வந்தபோது மாமா வீடே அதிரும்படி பேசினார். டிவியை இரைய வைத்தார். அக்கா இரண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்பினார். ரிக்கில் இரைந்து ஓடும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் இருபது வருடம் நின்றவருக்கு என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. “மாமாவுக்கு இன்னும் ரிக்குல நிக்கற நெனப்பு” என்று நான்தான் முதலில் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வாயைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

அவர் திரும்பிப் போன சில வாரங்களில் அந்தக் கேள்வி வந்தது. தெரியாத எண், வேறு மாநிலத்து எண். புள்ளி, கமா எதுவும் இல்லாமல் ஒற்றை விரலால் தட்டியது. அதை அப்படியே நோட்டில் எழுதினேன்: ‘மேடம் வணக்கமுங்க நான் சங்ககிரி பக்கமுங்க ரிக் வண்டில டிரில்லரா இருக்கறனுங்க இப்ப காது சரியா கேக்கறதில்லைங்க ஹேமர் சத்தம் புடிபடறதில்லைங்க ஆனா லீவர்ல கைய வெச்சா தெரியுதுங்க இத ஓனர்கிட்ட சொல்லோணுமா சொல்லாம ஓட்டிக்கலாமா ஊட்லயும் சொல்லலைங்க நீங்க சொல்றபடி செய்யறனுங்க.’

மாமாவின் நினைவு வந்ததா என்றால், வந்தது. மாமாவைப் போல ஒருவர் என்று தோன்றியது. மாமா என்று தோன்றவில்லை. திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் ரிக்குக்குப் போகிறார், எத்தனையோ டிரில்லர்கள். அதோடு, என்னை ‘மேடம்’ என்று கூப்பிடுகிறவர் எங்கள் வீட்டு மனிதராக இருக்க முடியும் என்று எப்படி நினைப்பேன்? அன்று அது முதல் மணியின் கடைசிக் கேள்வி. ரோஜாப் பதியன்காரர் வேறு அவசர வேலை இருக்கிறது என்று தன் நேரத்தை முன்னே கேட்டு வாங்கிக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே தொட்டியோடு நின்றிருந்தார். நான் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அனுபவமுள்ள ஒருவரை எந்த நிறுவனமும் இழக்க விரும்பாது, வேறு பொறுப்புக்கு மாற்றித் தருவார்கள், நேர்மைக்கு எப்போதும் மதிப்புண்டு என்றேன். எங்கள் கம்பெனியின் சட்டதிட்டப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ரிக் வண்டிக்கு ஏது சட்டதிட்டப் புத்தகம்? லீவரை விட்டால் அங்கே வேறு என்ன பொறுப்பு இருக்கிறது? இதையெல்லாம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. டிக் போட்டேன். பதியன்காரர் உள்ளே வந்தார். அன்று மத்தியானம் மாமாவின் செய்தியும் வந்தது. ‘நல்லா பேசின.’

இரண்டு மாதம் கழித்து, மழைக்காலம் இல்லாத ஒரு நாளில் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஓனர் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னதாக அக்காவிடம் சொன்னார். ஓய்வு நீண்டது. அக்கா வற்புறுத்தியதில் அஸ்தம்பட்டிக்கு வந்து காது டாக்டரைப் பார்த்தார்கள், மிஷின் வைத்தார்கள். எல்லாச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து மண்டைக்குள் கம்ப்ரசர் ஓடுகிறது என்று பத்தே நாளில் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார். பிறகு ஒரு முட்டைக் கோழிப் பண்ணையில் தீவனம் போடவும் அட்டைகளில் முட்டை அடுக்கவும் வேலைக்குச் சேர்ந்தார். டீக்கடையில் அவருக்கு டிரில்லர் என்ற பெயர் போய்விட்டது. வேறு பெயரும் வரவில்லை. அவரே கிளாசை எடுத்துக்காட்டி டீ கேட்டு வாங்கினார் என்று அக்கா போனில் சொல்லி அழுதாள்.

ஒரு விடுமுறை நாளில் பண்ணைக்குப் போய் அவரைப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான கோழிகளின் இரைச்சல். “இங்க காது கேக்காம இருக்கறதே நல்லதாப் போச்சு புள்ள” என்று சிரித்தார். நான் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் கையைக் காட்டியும், அவர் போனில் தட்டிக் காட்டியும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை இப்போது கேட்க வழியில்லையே, பிறகு எப்படி வாராவாரம் ‘நல்லா பேசின’ என்று அனுப்புகிறீர்கள் என்று தட்டினேன். அவர் தலையாட்டி மறுத்தார். நிகழ்ச்சியின் பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டு, சத்தத்தை முழுதாக வைத்து, போனின் முதுகை உள்ளங்கையில் அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். “இப்பப் பாட்டு ஓடுது. இதா, நீ பேச ஆரம்பிச்சிட்ட” என்றார். சரியாகச் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்து, “கைய வெச்சா தெரியுது” என்றார்.

அந்த மூன்று சொற்களை நான் என் கையால் நோட்டில் எழுதியிருக்கிறேன். ‘மேடம்’ என்று கேட்டவர் மாமாதான். மாமா ஒன்றும் அறியாதவராக முட்டை அட்டை ஒன்றைத் தூசி தட்டி, உட்கார் என்று எனக்குக் கீழே போட்டார். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் பற்றி அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன மேடம் ஒருத்தி, வீட்டுப் புள்ள வேறொருத்தி என்று அவர் மனதில் பிரித்து வைத்திருந்தார் போலும்; ஊரை மாற்றி, வேறு எண்ணிலிருந்து கேட்டதும் அதனால்தான். வீட்டுப் புள்ளயிடம் ஒரு மனிதர் தன் காது போவதைச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

பஸ்ஸில் வரும்போது எனக்காக நானே வாதாடினேன். ஓனர் கெட்டவரில்லை, காது கேட்காதவர் லீவரைப் பிடித்தால் கீழே நின்று துளையிடும் ராடு மாற்றுகிறவர்களின் உயிருக்கு ஆபத்து, சொன்னதுதான் சரி. இருக்கலாம். ஆனால் நான் அவர்களின் உயிரை நினைத்துச் சொல்லவில்லை. வெளியே தொட்டியோடு ஒருவர் காத்திருந்தார் என்பதால் சொன்னேன். ‘முதலில் டாக்டரிடம் காதைக் காட்டினீர்களா, வீட்டில் ஏன் சொல்லவில்லை’ என்று ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால்கூட, அது அவரைக் கொஞ்சம் நிறுத்தியிருக்கும்.

மன்னிப்புக் கேட்டுவிட முடிவு செய்தேன். எப்படிக் கேட்டேன் என்பதைத்தான் எழுதக் கூசுகிறது. ஒரு ஞாயிறு, முதல் மணி தொடங்கியதும், வந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெயர் சொல்லாமல், உறவு சொல்லி, நடந்ததையெல்லாம் மைக்கில் சொன்னேன். இரண்டு இடத்தில் பேச்சு நின்றது. கேட்டவர்கள் உருகிப்போனார்கள். ‘மேடம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது’ என்று செய்தி மேல் செய்தி. மூலையில் இருந்த எண் அதற்கு முன் போகாத இடத்துக்குப் போனது. நண்பர் டீயோடு வடையும் வாங்கி வந்தார். உலகமே கேட்டது, கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்காது. அது தெரிந்துதான் பேசினேன். அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். பத்து வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். எழுதியிருந்தால் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார், நானும் பார்க்க வேண்டியிருக்கும்.

மத்தியானம் மாமாவின் செய்தி வந்தது. வழக்கமான இரண்டு சொல் இல்லை. ‘இன்னிக்கு நடுவுல ரெண்டு தடவ நின்னுபோச்சு. நெம்ப நேரம். ஒடம்பு சரியில்லையா சாமி. சுக்குத்தண்ணி வெச்சுக் குடி.’

ஐம்பது பேர் அந்த மௌனத்தை என் நடிப்புத் திறமையில் சேர்த்திருப்பார்கள். நானூறு அடி ஆழத்தில் பாறை மாறுவதை அறிந்த அந்த உள்ளங்கைதான், எனக்கு என்னமோ சரியில்லை என்று கண்டுபிடித்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. ‘ஒண்ணுமில்லைங்க மாமா, சளி’ என்று தட்டி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் வாக்கியம் அழகாக வரவில்லை என்று கிழித்தேன். எழுத்துப் பயிற்சி கொடுக்கிறவள் அல்லவா? பொங்கல் முடிந்த வாரம், பண்ணையில் தீவன மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாமா எழுந்திருக்கவில்லை. அழுது முடித்த அக்கா, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். “காது கேக்காட்டியும் எந்தங்கச்சி பேசறத மட்டும் ஒரு வாரம் உட்டதில்லைங்க. போனைக் கையில அமுத்திக்கிட்டு ஒக்காந்திருப்பாருங்க.” வந்தவர்கள் என்னைப் பெருமையோடு பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிந்ததாக நினைத்திருப்பார்கள்.

வேலை ஆலோசனை மணியை இப்போது வேறொருவர் நடத்துகிறார். நல்ல குரல். அவரும் கேள்விகளுக்கு மளமளவென்று பதில் சொல்கிறார். நோட்டு என்னிடம் இருக்கிறது. அக்காவிடம் காட்டிவிடலாம் என்று இரண்டு முறை அதைப் பையில் வைத்துக்கொண்டு புதுச்சத்திரம் போனேன். இரண்டு முறையும் அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, “வாரேன் அக்கா” என்று கிளம்பி வந்துவிட்டேன். நேற்றும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மாமாவின் கேள்வி நீல மையில் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்தில், அன்று நான் தடுமாறாமல் பேசுவதற்காக எழுதிவைத்த பதில்: ‘மறைக்க வேண்டாம். நேரில் போய்ச் சொல்லவும்.’ அவர் போய்ச் சொன்னார். ஓரத்தில் சிவப்பு டிக்.