அப்பா கடலில் விட்ட குட்டி

இங்கிலாந்திலும் ஒரு பாலைவனம் இருக்கிறது என்று எங்கள் தேவாலயச் சுவாமியார் தமிழ்ப் பூசை முடிவில் அறிவித்தபோது ஒருவரும் நம்பவில்லை. அந்தக் கோடைச் சுற்றுலாவுக்குக் கோச் பஸ் அங்கேதான் போகும் என்றார். லண்டனில் நாங்கள் இருந்த தோர்ண்டன் ஹீத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், டன்ஜெனஸ் என்ற கடற்கரை, பறவைகளுக்கும் கடல் சீவன்களுக்கும் ஒதுக்கிவிட்ட காப்பகம். போய் இறங்கினால் மணலைக் காணவில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் கூழாங்கல், ஒரு வெளிச்சவீடு, அங்கங்கே கரையேற்றிக் கைவிட்ட பழைய படகுகள். இதைப் பார்க்கவா விடிய எழும்பி இடியப்பம் அவித்தேன் என்று அம்மா செருப்புக்குள் புகுந்த கல்லை உதறினார்.

எனக்கு ஒன்பது வயது. வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். ஆஸ்பத்திரியிலும் கவுன்சிலிலும் அப்பாவுக்காகக் கதைப்பேன். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்னைப் பற்றிச் சொன்ன குறைகளையும் நானே வடிகட்டி அப்பாவிடம் சேர்ப்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். இங்கிலிஷ் தெரியாத அப்பா என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம், நிறைய வசதி.

அப்பா மன்னாரில் தொழிலுக்குப் போனவர். தொழில் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கடல்தான். லண்டனில் ஒரு சுப்பர்மார்க்கற் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். கோயில் மண்டபத்தில் பல் டொக்டரும் கணக்காளரும் வட்டமாக நின்று கதைக்கும்போது அப்பா கதிரை மடக்கிக்கொண்டு நிற்பார். அவரை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை என்பது எனக்குப் பொறுக்காது.

சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கும் நேரம் பெடியள் கத்தினார்கள். தண்ணீருக்குப் பத்தடி தள்ளி, கல்லின் மேல் ஒரு சீல் குட்டி, கடல்நாய் என்பார்களே அது. சாம்பல் நிறம், உருண்டைக் கறுப்புக் கண், அசைவில்லை. மன்னார்க் கடலில் சீல் கிடையாது. அங்கே ஓங்கில் என்கிற டொல்பினோ கடற்பசுவோ கரையில் கிடந்தால் அலை ஒதுக்கிவிட்டது என்றுதான் அர்த்தம். தோல் காய்வதற்குள் தண்ணீரில் தள்ளாவிட்டால் செத்துப்போகும். கணக்காளர் போனில் படம் எடுத்தார். ஆருக்காவது அறிவிக்க வேண்டும் என்று பல் டொக்டர் யோசித்தார்.

"விலகுங்கோ, விலகுங்கோ! காஞ்சுபோகப்போகுது!"

அப்பாதான். நாங்கள் இருந்த பாயை உருவிக்கொண்டு ஓடினார். குட்டியைப் பாயில் சுருட்டி, நெஞ்சோடு அணைத்து, போட்ட காற்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி விட்டுவிட்டார். அது ஒருமுறை முக்குளித்து எழும்பி எங்களைத் திரும்பிப் பார்த்தது. நாற்பது பேரும் கைதட்டினார்கள். பல் டொக்டர் அப்பாவின் முதுகில் தட்டி, நீங்கள் ஆள் விண்ணன்தான் அண்ணை என்றார். அப்பா அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் கண்டதில்லை. எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

மற்றவர்கள் மேலே சாப்பாட்டுக்குத் திரும்பிவிட, அப்பா காற்சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார், பக்கத்தில் நான். அப்போதுதான் காப்பகத்துப் பச்சை ஜக்கற் போட்ட ஒரு பெண் கல்லில் சறுக்கிச் சறுக்கி ஓடிவந்தார். மூச்சு வாங்கக் கோபத்தோடு இங்கிலிஷில் பொரிந்து தள்ளினார். குட்டிக்கு ஒன்றுமே இல்லையாம். சீல் கரையில் கிடந்துதான் இளைப்பாறுமாம். தாய் அதைப் படுக்கவிட்டு இரைக்குப் போயிருக்கிறதாம். குட்டி இனிக் களைத்துப்போய்த் திரும்ப ஏறி வரும், ஆனால் சனம் நின்றால் தாய் கிட்ட வராது, தாய் வராவிட்டால் குட்டி தப்பாது. உங்கள் ஆட்கள் எல்லாரும் இப்பவே இந்த இடத்தை விட்டுப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தால் நாயோடு வந்தவர்களை மறிக்க ஓடினார்.

"என்ன பிள்ளை சொல்லுறா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

மேலே பல் டொக்டர் அப்பாவுக்கென்று ஒரு கதிரையை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"நல்ல வேலை செய்தீங்களாம் அப்பா. தாங்ஸ் சொன்னவ."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு நாயோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணையும் கடலையும் பார்த்தார். ஓம் என்றார்.

மேலே போனவர் கதிரையில் இருக்கவில்லை. "வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ! இப்ப போகாட்டி மோட்டர்வேயில ட்றபிக்குக்குள்ள மாட்டுவம்!" என்று சத்தம் போட்டார். பாதிப் பேருக்கு இன்னும் சோறு போடவே இல்லை. மனிசனுக்கு விசரா என்று கணக்காளரின் மனைவி வாய்விட்டே கேட்டார். அம்மா எல்லாருக்கும் முன்னால் ஏசினார். அப்பா சுவாமியாரைக் கெஞ்சி, பார்சல்களைக் கட்டி, தனக்கு விரித்த கதிரையையும் தானே மடக்கி, கால் மணித்தியாலத்துக்குள் கடைசி ஆளையும் கோச்சில் ஏற்றிவிட்டார். எங்களுக்கு ஐஸ்கிரீமும் இல்லாமல் போயிற்று.

வரும் வழியில் ஒருவரும் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இவருக்காகப் பொய்கூடச் சொன்னேனே, கிடைத்த பேரை இப்படித் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாரே என்று ஆத்திரம். அப்பா ஈரக் காற்சட்டையோடு, கரை மறையும்வரை பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லாமல் விட்டதைத்தான் அவர் செய்து முடித்திருக்கிறார் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. லண்டன் வந்து சேரும்வரை மோட்டர்வே வெறிச்சென்று கிடந்தது. இந்த மனிசனுக்கு ட்றபிக்கைப் பற்றிக்கூட ஒன்றும் தெரியாதே என்று வெட்கப்பட்டுக்கொண்டு வந்தேன்.