வாடை வருதா?

காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் பன் அக்கா ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்குவாள். பழைய பல் பிரஷ்ஷால் அதைத் தொட்டு, சிலிண்டரின் ரெகுலேட்டர், ரப்பர் குழாயின் முனைகள், ஓவனின் பின்பக்க இணைப்பு எல்லாவற்றிலும் பூசுவாள். எங்காவது கேஸ் கசிந்தால் நுரை குமிழ் விடும். குமிழ் வராவிட்டாலும் அவள் முகம் தெளியாது. பக்கத்தில் யார் நின்றாலும் கேட்பாள்: "வாடை வருதா?"

அவள் வீட்டின் பின்னறைதான் பேக்கரி. பழைய பெரிய கேஸ் ஓவன் ஒன்று, அடுப்பு ஒன்று, மாவு மேசை ஒன்று. அங்கே வேகும் பன்னும் கேக்கும் கணவனின் வேனில் ஏறி அலுவலக கேன்டீன்களுக்குப் போகும். கூட வேலை செய்பவள் கணவனின் தங்கை. வேலை பார்த்த தையல் தொழிற்சாலையை இழுத்து மூடியதும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள். கை சுறுசுறுப்பு, வாய் அதைவிட.

"அண்ணி, தினமும் எனக்குப் பரீட்சையா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி. வருதா, வரலையா?"

"வரல. உங்க சந்தேகம்தான் கமகமன்னு வருது."

அண்ணி தன்னைச் சோதிக்கிறாள் என்றுதான் நாத்தனார் முதலில் நினைத்தாள். ஒரு நாள் பன் தட்டு முழுவதும் கருகியது. தெருவில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அக்காவோ ஓவனுக்குப் பக்கத்திலேயே நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தாள். புகை கண்ணில் பட்ட பிறகுதான் ஓடினாள்.

நாத்தனாரின் சந்தேகம் திசை மாறியது. அழுகிய முட்டை ஒன்றைக் கிண்ணத்தில் உடைத்து மேசையில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். அக்கா வந்தாள், குனிந்து பார்த்தாள்.

"ஒத்த முட்டைய ஏன் தனியா வச்சிருக்க? கேக்குக்குத்தானே?" என்று அடிக்கும் கரண்டியை எடுத்தாள்.

நாத்தனார் பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

உண்மை இதுதான். ஒரு கடுமையான காய்ச்சலோடு அக்காவின் மோப்பம் போயிருந்தது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. "ஓவனத் தங்கச்சி பாத்துக்கட்டும், நீ பாக்கெட் போடு" என்று கணவன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தான். விஷயம் வெளியே வந்தால் ஓவன் கைவிட்டுப் போகும். தானே தொடங்கி, தானே வளர்த்த அடுப்படியில் பாக்கெட் ஒட்டும் ஆளாக நிற்க அவளால் முடியாது. அதனால் பிறர் மூக்கை இரவல் வாங்கினாள்.

முட்டை விஷயத்தை வெளியே விடாமல் நாத்தனார் சமயம் பார்த்துக் காத்திருந்தாள். அக்காவும் அவளைக் கவனித்தாள். திடீரென்று பேச்சில் இவ்வளவு சர்க்கரை எதற்கு?

ஒரு நாள் கேக் வேலைக்கு நடுவே சிலிண்டர் தீர்ந்து ஓவன் அணைந்தது. பாதி வெந்த கேக்கைப் புலம்பிக்கொண்டே வெளியே எடுத்தாள் அக்கா. கணவன் புது சிலிண்டரை உருட்டி வந்து மாட்டி, ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு, "மாட்டியாச்சு!" என்று கத்தியபடி வேனுக்குப் போனான்.

அக்கா லைட்டரை எடுத்தாள். "வாடை வருதா?"

"வரல அண்ணி," என்றாள் நாத்தனார், சர்க்கரை நிறுப்பதிலிருந்து தலை நிமிராமல்.

அந்த நிமிராத தலைதான் அக்காவை உறுத்தியது. இவளை எப்படி நம்புவது? லைட்டரை இடுப்பில் செருகிவிட்டு மறுபடி பிரஷ்ஷை எடுத்தாள். ரெகுலேட்டரில் குமிழ் இல்லை. குழாயில் இல்லை. ஓவன் இணைப்புக்காகக் குனிந்தவளின் கண்ணுக்கு நேரே ஓவனின் கேஸ் திருகு. திறந்தபடி இருந்தது. அணைந்த ஓவனுக்குள் புது சிலிண்டரின் கேஸ் அத்தனை நேரமும் நிரம்பிக்கொண்டிருந்தது.

திருகை மூடினாள், ரெகுலேட்டரை மூடினாள். "கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திற!"

சத்தம் கேட்டு வந்த கணவன் முகத்தைச் சுளித்து, காற்றாடி சுவிட்சை நோக்கிக் கை நீட்டினான்.

"தொடாதீங்க! பொறி பறந்தா எல்லாரும் போயிருவோம்!"

அப்படியொரு குரலை அவன் அவளிடம் கேட்டதில்லை. மூவரும் முற்றத்துக்கு ஓடினார்கள்.

"வேணும்னுதானே வரலன்னு சொன்ன?" என்றாள் அக்கா.

"ஐயோ, இல்ல அண்ணி! மோந்தே பாக்கல. தினமும் சொல்லிச் சொல்லி வாய் தானா சொல்லிருச்சு. திருகத் திறந்து போட்டது நீங்கதானே? அழுகின முட்டைய அடிக்கப் போனீங்களே, உங்களுக்கு மூக்கு இல்லன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா மோந்து பாக்காம சொன்ன?"

நாத்தனார் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"என்ன முட்டை? யாருக்கு மூக்கு இல்ல?" என்றான் கணவன்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு லைட்டரை நாத்தனாரிடம் நீட்டினாள். "இந்தா. இனி ஓவன் உன்னோடது."

நாத்தனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தனியா நானும் லாயக்கில்ல அண்ணி."

"சிலிண்டர மாட்டறதுக்கு முன்னாடி திருகப் பாக்காத ஆளு ஒருத்தரும் இங்கதான் நிக்கறாரு," என்றாள் அக்கா. கணவன் வேனைப் பார்த்தான். பாக்கெட் பேச்சை அதன்பின் அவன் எடுக்கவில்லை.

ஓவன் இன்றும் அக்காவிடம்தான் இருக்கிறது. லைட்டர் நாத்தனாரின் இடுப்பில். கேஸ் கீழே தங்கும் என்பதால், முட்டி போட்டுத் தரையோரம் மோந்து பார்த்த பிறகுதான் அவள் அதைத் தருவாள். "வரல" என்ற பதில் அங்கே செல்லாது. என்ன வாடை வருகிறது என்று சொல்ல வேண்டும்.

"வெண்ணெய் அண்ணி. சோப்பு. அப்புறம் அண்ணனோட சாக்ஸ்."

அக்கா கதவோரம் எட்டிப் பார்ப்பாள். சாக்ஸ் அங்கே கிடந்தால்தான் லைட்டருக்குக் கை நீட்டுவாள்.