கணவாய் காத்திருந்த வருடம்

மாமிக்கு, தன் அம்மாவுக்கு, கொள்ளி வைத்தவர் என் கணவர். கொள்ளி வைத்தவர் ஆட்டைத்திவசம் முடியும்வரை, அதாவது ஒரு முழு வருடம், மலை ஏறக்கூடாது என்று அவருடைய அக்கா, என் மச்சாள், முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்றே சொல்லிவிட்டார். கொழும்பில், கடலோர வெள்ளவத்தையில் ஏது மலை என்று கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதம் நாங்கள் மலைநாட்டுக்குப் போவதாக இருந்தது. இதல்கஸ்ஸின்னையில் ரயிலை விட்டு இறங்கி, கணவாயைக் கடந்து, அப்புத்தளை வரை நடப்பது திட்டம். இளவயதில் பதுளை ரயிலின் யன்னலால் அந்த இடத்தைப் பார்த்தவர் அவர். ஒரு பக்கம் ஊவா மலைகள், மறுபக்கம் கிடுகிடுவென்று இறங்கும் பள்ளம், வானம் வெளித்தால் தெற்குக் கடலும் தெரியுமாம். ரயில் நிற்காமல் போய்விட்டதை நேற்று நடந்ததுபோலச் சொல்லிக் குறைபடுவார். வேலை, மகளின் படிப்பு என்று தள்ளிப்போட்டு, ஓய்வுபெற்ற பிறகுதான் நாள் கூடிவந்தது.

நான் விடவில்லை. "அது கோயிலுமில்லை, மலை உச்சியுமில்லை. ரெண்டு மலைக்கு நடுவில கிடக்கிற பாதை. அதில நடக்கிறதுக்கு என்ன வில்லங்கம்?"

"மலை மலைதானே. அக்கா மனம் நோவா. வருசம் முடியட்டும், நீர் பாரும், முதல் ஆளா நிப்பன்."

அன்றிலிருந்து அவர் லிஃப்டைத் தொடவில்லை. கால் பழக வேண்டுமென்று எங்கள் மேல்மாடி வீட்டுக்குப் படியால்தான் ஏறினார். இதுவும் ஏறுவதுதானே, இதற்குத் துடக்கு, தீட்டு ஒன்றும் இல்லையா என்று சீண்டுவேன்.

"சீமெந்து மலைக்கு அக்கா ஒண்டும் சொல்லேல்லை" என்பார்.

திவசத்துக்குச் சில வாரங்களே இருந்தன. ஒரு பின்னேரம் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டார். நான் ஊற்றிக்கொண்டு வந்தபோது கதிரையில் சாய்ந்தபடி இருந்தார். உயிர் இல்லை.

செத்தவீட்டிலேயே மச்சாள் என் கையைப் பிடித்து, "இனி உமக்கும் ஒரு வருசம்" என்றார். பாசத்தில்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய முப்பத்தொன்றாம் நாள் முடிந்த கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். போகிறேன் என்பதை மச்சாளுக்கும் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

தேயிலைக்குள்ளால் போன பாதை, பிறகு காட்டுக்குள் ஏறியது. முழங்கால் கெஞ்சியது, நான் கேட்கவில்லை. கணவாயில் வெறும் புகார், எதிரில் நிற்கும் ஆளும் தெரியாத பனிமூட்டம். அந்தப் பாழ்போன புகாரைத் திட்டியபடி ஒரு கல்லில் குந்தியிருந்தேன். திடீரென்று அது விலகியது. இந்தப் பக்கம் மலைக்கு மேல் மலை, அந்தப் பக்கம் பள்ளமும் வெயிலும்.

"அம்மா, கடல்!" என்று மகள் கத்தினாள்.

தூரத்தில் வெள்ளிக்கோடு மாதிரிக் கிடந்தது. அவர் சொன்னது அவ்வளவும் அங்கே இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மச்சாள் எனக்குப் போன் எடுத்தார்.

"சுகமா வந்து சேர்ந்திட்டீரே? ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"ஓம் மச்சாள், ஒண்டும் நடக்கேல்லை."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு நடக்கவில்லை என்றால், அன்று தடையை மீறி மலைக்குப் போயிருந்தால் அவருக்கும் ஒன்றும் நடந்திருக்காது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மச்சாளுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். மறுமுனையில், "என்ர தம்பி" என்று அழத் தொடங்கினார்.