நித்திரை கொள்ளாத மணிக்கூடு

என் சிநேகிதி வசந்தி காலமாகிவிட்டாள் என்று அவளுடைய மகள் மீரா தொலைபேசியில் சொன்னபோது, பேச்சுப்போட்டிக்கு மண்டபம் எடுக்கும் அலுவலில் இருந்தேன். போட்டிக்கு இன்னும் ஒரு கிழமைதான். அழுதேன். அழுகைக்கு நடுவே, பேசும் நேரத்தைக் காட்டும் அவளுடைய மணிக்கூட்டை இனி யார் இயக்குவது என்ற யோசனையும் வந்தது. அதற்காக அவள் என்னைக் கோபித்திருக்க மாட்டாள்.

நாங்கள் குடியேறிய பிராண்டே நகரில் நம் தமிழ்ப் பிள்ளைகள் மேடையேறியதைப் பார்த்த எல்லோருக்கும் அந்த மணிக்கூட்டைத் தெரியும். காற்றாலைத் தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதித்துவந்த வசந்தி, ஒரு சின்னச் சிப்பையும் சிவப்பு எண்திரையையும் ஒரு பொத்தானையும் வைத்துச் செய்தது. முதல் வருடம் அது எங்கள் மானத்தை வாங்கிவிட்டது. ஒரு பிள்ளை பேசிக்கொண்டிருக்கையில் ஒலிவாங்கி நின்றுபோனது. நேரத்தை நிறுத்த வசந்தி பொத்தானைத் தட்டினாள், மணிக்கூடு சட்டைசெய்யவில்லை. எண்கள் இறங்கி மணி அடித்தது. பிள்ளை அழ, தகப்பன் எழும்பிவந்து சத்தம் போட்டார்.

"பிழை என்ரைதான் அண்ணை. பிள்ளை திரும்பப் பேசட்டும்," என்றாள் வசந்தி.

மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு மடிகணினியைத் திறந்தவளிடம் என்ன பிழை என்று கேட்டேன்.

"ஒவ்வொரு முறையும் ஒரு செக்கன் பொறு எண்டு நிரலிலை எழுதிப்போட்டன். அந்தச் செக்கன் முழுக்க அது நித்திரை. நித்திரையிலை கிடக்கிறதுக்குத் தட்டினா விளங்குமே? இனிப் பொறுக்க வேண்டாம். இடைக்கிடை நேரத்தைப் பாத்துக்கொண்டு மற்ற வேலையளையும் செய்யட்டும்."

முழுத்திரையையும் அழித்தழித்து எழுதியதால் எண்கள் வேறு மினுங்கின. "மாறினதை மட்டும் எழுதினாப் போதும்," என்று அதையும் திருத்தினாள். பின்னேரம் அந்தப் பிள்ளை பேசி முடித்தது.

இந்த வருடம் நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தபோதும் பிள்ளைகளின் பேச்சுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. "கொஞ்சம் சும்மா இரன்," என்றேன்.

"முடிவு வரேக்கை வரும். அதுக்காக நான் நிண்டுபோறதே?"

அவளுக்காகப் போட்டியைத் தள்ளிவைப்போம் என்று போட்டிக் குழுவில் சிலர் அன்போடுதான் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. மீராவைக் கேட்டோம். "அம்மா பழக்கின பிள்ளையள் பேசட்டும் அன்ரி," என்றாள். வசந்தி தயாரித்து வைத்திருந்த நிகழ்ச்சிநிரலில் ஒரு வரியைத்தான் மாற்றினேன். நேரம் பார்ப்பவர் என்று அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.

அழுகை வந்தால் வரட்டும், கையும் கண்ணும் வேலையில் இருக்கட்டும் என்ற அவளுடைய பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். போட்டியன்று ஒலிவாங்கி மறுபடியும் நின்றது. கண் கலங்கியபடியே பொத்தானைத் தட்டினேன். எண்கள் உடனே நின்றன. ஒலிவாங்கி சரியானதும் திரும்பத் தட்டினேன். பிள்ளை விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள்.