பெர்னடின் காபி எடுக்கப் போகும் இடம்

பெர்னடின் ஹ்ருஸ்காவுக்குச் சத்தமில்லாத படம் பார்ப்பதுதான் உத்தியோகம். பிட்ஸ்பர்கின் புளூம்ஃபீல்டு பகுதியில், ஒரு பீட்சா கடைக்கு மேல்மாடியில் இருக்கும் டெல்மாஸ்ட்ரோ வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, கார் விபத்துகளின் கேமரா பதிவுகளைப் பார்ப்பாள். சிக்னல் கம்பத்துக் கேமரா, பஸ் கேமரா, சலவைக்கடை வாசல் கேமரா, எதுவானாலும் சரி. படத்தில் குரல் வராது என்பதால் குரலை அவளே கொடுத்துவிடுவாள். “ஏய் மஞ்சச் சட்டை, போனை உள்ள வைடா. அங்க ஒருத்தன் வரான் பாரு” என்று திரையைப் பார்த்துத் திட்டுவாள். மோதப்போகிற இடம் வந்ததும் படத்தை நிறுத்திவிடுவாள். எழுந்து போய்க் காபி ஊற்றிக்கொண்டு வந்த பிறகுதான் மீதி. ஆண்டுக்கணக்காகப் பார்த்தும் அந்த ஓரிடம் மட்டும் அவளுக்குப் பழகவில்லை. பழகியிருந்தால் அவள் பெர்னடினே இல்லை.

அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கையில் நிறுத்தப் பலகையோடு நின்று பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் மக்கர் பண்ணியதும் அந்த வேலை போயிற்று. கணவன் ஸ்டானும் போய்ச் சேர்ந்தான். வக்கீலின் அம்மா சர்ச்சில் பழக்கம். “வீட்ல உக்காந்து சுவத்தோட எத்தன நாள் பேசுவே? என் பையன் ஆபீஸ்ல வந்து போன் எடு” என்று இழுத்து வந்தாள். போன் எடுக்க வந்தவள் சீக்கிரமே ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டாள். அடிபட்டவர்கள் கழுத்து வலி தாங்காமல் வக்கீலிடம் வருவதற்குள் கேமராவில் பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடுகிறது. கம்பத்தில் தொங்குவதில் பாதி அந்த நேரத்து நடப்பைக் காட்டுவதோடு சரி, எதையும் சேமித்து வைக்காது. ஆகவே எங்காவது வண்டி இடித்தது என்று காதில் விழுந்தாலே போதும். வால்நட் பூரணம் வைத்துச் சுட்ட குக்கீ ஒரு டப்பா எடுத்துக்கொண்டு அந்த முனைக்குக் கிளம்பிவிடுவாள். கடைக்காரர்கள் டப்பாவைத் தூரத்தில் பார்த்ததுமே, “பெர்னி வராங்க. யாரு, எங்க இடிச்சாங்க?” என்பார்கள்.

அந்த வசந்தத்தில் இடித்தது ரீஜிஸ் வொய்ட்கோ.

ரீஜிஸ் ஓய்வுபெற்ற கசாப்புக் கடைக்காரர், மனைவியை இழந்தவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சர்ச் கூடத்தில் மீன் பொரிப்பார்கள். வெளியே வர முடியாத கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மீனும் பியரோகிக் கொழுக்கட்டையும் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பது அவர் வேலை. அதனால் ஈஸ்டர் வரைக்கும் அவர் காரில் பொரித்த மீன் வாசனைதான். ஸ்டான் ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலத்தில் பெர்னடின் வீட்டு வாசல் பனியை யாரும் சொல்லாமல் தள்ளிவிட்டவர் அவர். அவள் காரை நிறுத்தும் இடத்தை வேறு யாரும் பிடித்துவிடாமல் இருக்கத் தெருவில் சமையலறை நாற்காலியைப் போட்டுக் காவலும் காத்தவர். அவரை அவளுக்குப் பிடிக்கும். வெளியே சொல்லிக்கொண்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

நாற்சந்தியில் இடதுபக்கம், அதாவது எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே, அவர் திரும்பியபோது ஒரு வெள்ளைக் கார் வந்து மோதியது. ஓட்டிய பெண் ஓஹையோக்காரி. அவளுக்கு மணிக்கட்டு உடைந்தது, இவருக்கு விலா எலும்பில் அடி. அவளுடைய காப்பீட்டுக் கம்பெனி எழுதி அனுப்பியது: தவறு முழுக்க முதியவருடையது, விபத்துக்குப் பிறகு அவர் மனம் குழம்பி நடுச்சாலையில் அலைந்துகொண்டிருந்ததைக் கண்டவர் இருக்கிறார், வண்டி ஓட்டவே தகுதியற்றவர்.

அந்தக் கடைசி வரியைப் படித்த மகள் டார்லீன், பழுது பார்க்கப் போயிருந்த அப்பாவின் காருக்கான சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். திருப்பித் தருவதாக இல்லை.

“எதிர்ல இருந்தவன் நீ போன்னு சைகை காட்டினான். போனேன். இடிச்சுது” என்றார் ரீஜிஸ், அலுவலகத்தில்.

“அதுக்கப்புறம் நடுரோட்ல என்னப்பா பண்ணிட்டிருந்தே?” என்றாள் கூட வந்திருந்த டார்லீன்.

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நின்னுட்டிருந்தேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

டார்லீன் பெர்னடினைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவளுடைய அம்மாவும் கடைசி வருஷங்களில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தெருவில் நின்றவள்.

அந்த முனையில் இருந்தது நல்ல வேளையாகச் சேமிக்கிற கேமரா. விபத்து நடந்த மறுநாளே நகராட்சிக்கு எழுதிப் பதிவைக் கேட்டிருந்தாள் பெர்னடின். இப்போது அது வந்திருந்தது. வழக்கமாக எதையும் முதலில் தான் பார்த்துவிட்டுத்தான் கட்சிக்காரர்களுக்குக் காட்டுவாள். இதை மட்டும் காலையிலிருந்து தொடவில்லை. வரவழைத்த பதிவை ஒளிக்க முடியாது, எதிர்த்தரப்புக்கும் போய்த்தான் ஆக வேண்டும். அவர் தள்ளாடி அலைவதைத் தானே தோண்டி எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிட்டால் என்ன செய்வது?

“நானும் இன்னும் பாக்கலை கண்ணு. சேந்தே பாத்துடுவோம்” என்றாள்.

படம் ஓடியது. சிக்னல் பச்சையானது. எதிர்வரிசையில் முதலில் நின்ற நீலக் கார் நகரவில்லை. விளக்கை ஒருமுறை மினுக்கியது. அந்த ஊரில் இது எழுதாத வழக்கம். பச்சை விழுந்ததும் இடதுபக்கம் திரும்பக் காத்திருக்கும் முதல் வண்டியை, எதிரே நிற்பவர் நீ போய்விடு என்று விட்டுவிடுவார். விடாதவனை வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். ரீஜிஸின் கார் திரும்பியது. நீலக் காருக்குப் பக்கத்து வரிசையில், பின்னாலிருந்து வெள்ளைக் கார் வந்தது.

பெர்னடின் படத்தை நிறுத்திவிட்டுக் காபி எடுக்கப் போனாள். அப்பாவும் மகளும் அசையாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து ஓடவிட்டாள். மோதியது.

“பாவம், வெளியூர்ப் பொண்ணு. நம்ம வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்?” என்றார் ரீஜிஸ்.

“சட்டத்துக்கும் தெரியாது. தப்பு உங்க மேலதான் ரீஜிஸ்” என்றாள் பெர்னடின். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு வராது.

“தெரியும்.”

படம் நிற்கவில்லை. ரீஜிஸ் விலாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வெள்ளைக் காரின் ஜன்னலில் குனிந்து ஏதோ பேசினார். தன் கோட்டைக் கழற்றி உள்ளே இருந்தவளுக்குப் போர்த்திவிட்டார். பிறகு மீன் பொட்டலங்கள் சிதறிக்கிடந்த சாலையில் நேராக நடுவுக்கு நடந்தார். டார்லீனின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்தது.

“எங்க போறீங்க மனுஷா, வாங்க இந்தப் பக்கம்” என்று பெர்னடின் திரையிடம் சொன்னாள். சொன்னவளுக்கு உண்மையான ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது மறந்துவிட்டது.

மேட்டிலிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. ரீஜிஸ் வெள்ளைக் காருக்கு முன்னால் போய் நின்று கையை உயர்த்தினார். லாரி நின்றது. அதன் பின்னால் வந்தவை நின்றன. அவர் மறுபக்கம் திரும்பி, அங்கே நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக ஓரமாகப் போகவிட்டார். பிறகு இந்தப் பக்கம். சட்டையோடு, குளிரில், ஒரு கையால் விலாவை அமுக்கிக்கொண்டு, போலீஸ் வரும்வரை அதையே செய்தார். நடுவில் ஒரு பச்சைக் கார் இடதுபக்கம் திரும்ப விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையின் முதலில் நின்றது. நேராகப் போக வேண்டியவர்களை எல்லாம் நிறுத்திவைத்து, அந்தப் பச்சைக் காரைத்தான் அவர் முதலில் போகச் சொன்னார்.

பெர்னடினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அடப்பாவி மனுஷா, அப்பவுமா?”

டார்லீன் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது, இரண்டும் ஒன்றாக வந்தது. “ஏம்ப்பா இதச் சொல்லல?”

“நின்னுட்டிருந்தேன்னு சொன்னேனே.”

“அப்பா.”

ரீஜிஸ் தொப்பியை மடியில் வைத்தார். “உள்ள அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தா. நான் இடிச்ச பொண்ணு. ரோட்ல நின்னு கை காட்டினேன்னு பெருமையாச் சொல்லிக்கிறதுக்கு அதுல என்னம்மா இருக்கு?”

கீழே பீட்சா கடையில் யாரோ அடுப்புக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அந்தக் கணத்தில் பெர்னடினுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பதிலுக்குக் குக்கீ டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

பதிவு முழுதும் எதிர்த்தரப்புக்குப் போகும். மோதியதற்கான பழியை அவர் ஏற்பார், அதில் டெல்மாஸ்ட்ரோவாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மனம் குழம்பி அலைந்தார் என்ற வரியை இனி எவனும் எழுத முடியாது.

வாசலில் டார்லீன் கைப்பையைத் திறந்தாள். அப்பாவின் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதன்மேல் தன் கார் சாவியையும் வைத்தாள்.

“நீயே ஓட்டு. என் கார்ல ஒரு கீறல் விழட்டும், அப்புறம் இருக்கு உனக்கு.”

பெர்னடின் ஜன்னலருகே போய் நின்றாள். கார் தெருமுனையில் இடதுபக்கம் திரும்ப விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது. பச்சை விழுந்தது. எதிரே நின்ற வேன் நகராமல் விளக்கை மினுக்கியது. ரீஜிஸ் போகவில்லை. பக்கத்து வரிசையைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பின்னால் எவனோ ஹார்ன் அடித்தான்.

“அடிக்கட்டும், நீங்க பாருங்க. நல்லாப் பாருங்க” என்று பெர்னடின் கண்ணாடியிடம் சொன்னாள். காபி பாத்திரம் பக்கத்திலேயே இருந்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “ம்… இப்பப் போங்க.”

கார் திரும்பியது. ஜன்னல் வழியாக நீண்ட ஒரு கை வேன்காரனுக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போயிற்று.